அயோவா காகஸ்: ஒரே ராத்திரி, மூன்று கணக்கு

வைகைக்கரையான் எழுதியது:

வணக்கம் மக்களே. 2028 அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வில் அயோவா மறுபடி முதல் மாநிலமாக வருமா என்ற பேச்சு அங்கங்கே அடிபடுகிறது. அதைப் படிக்கப் போய் 2020 ஜனநாயகக் கட்சிக் காகஸ் (கட்சிக்காரர்கள் நேரில் கூடி வேட்பாளர் விருப்பத்தைச் சொல்லும் கூட்டம்) முடிவில் மாட்டிக்கொண்டேன்.

முதல் சுற்றில் பெர்னி சாண்டர்ஸுக்கு 43,581 பேர், பீட் பூட்டிஜெஜுக்கு 37,572 பேர். கடைசிச் சுற்றில் 45,652-க்கு 43,209. இரண்டிலும் சாண்டர்ஸ்தான் மேலே. ஆனால் வென்றவர் என்ற கட்டத்தில் பூட்டிஜெஜ் பெயர். தேசிய மாநாட்டுப் பிரதிநிதிகளும் பூட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12.

இதை யாராவது கணக்கோடு விளக்குங்கள். அரசியல் சண்டை வேண்டாம். எப்படி எண்ணுகிறார்கள், எப்படி அறிவிக்கிறார்கள், அவ்வளவுதான் என் கேள்வி.


சந்தேகராமன் எழுதியது:

விளக்க என்ன இருக்கிறது? கட்சித் தலைமைக்குப் பிடிக்காத ஆள் முன்னால் போனார், முடிவு வெளிவர நாள்கணக்கில் ஆனது. அரசியல் சண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அயோவாவைப் பற்றிக் கேட்டால் எப்படி?


அயோவா அண்ணாச்சி எழுதியது:

வைகை தம்பி, நான் இந்த மாநிலத்தில்தான் இருக்கிறேன். 2016, 2020 இரண்டு முறையும் எங்கள் வட்டாரக் கூட்டத்தில் தன்னார்வலனாக நின்றிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. இது அரசாங்கம் நடத்தும் தேர்தல் கிடையாது. வாக்கு இயந்திரம் இல்லை, தேர்தல் அதிகாரி இல்லை, மாநிலச் செயலர் அலுவலகத்துக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. கட்சி தன் செலவில், தன் ஆட்களை வைத்து, பள்ளிக்கூட ஜிம்மிலும் தேவாலய ஹாலிலும் நூலகத்திலும் நடத்தும் கூட்டம். 2020-ல் மாநிலம் முழுக்க 1,678 வட்டாரங்கள். ஒவ்வொன்றிலும் தலைவர் என்று ஒருவர், செயலாளர் என்று ஒருவர். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர், விவசாயி, கல்லூரிப் பிள்ளை, என்னைப் போல ஐடி ஆள்.

அந்தக் கூட்டத்தின் வேலை கவுண்டி (மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு) மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது. அங்கிருந்து காங்கிரஸ் மாவட்ட மாநாடு, மாநில மாநாடு, கடைசியில் தேசிய மாநாடு. யார் அதிபர் வேட்பாளர் என்பது இந்தப் படிகளெல்லாம் ஏறிய பிறகுதான் முடிவாகும். ஊடகத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? அன்று ராத்திரியே ஒரு பெயர் வேண்டும். அதனால் கீழ்ப்படியில் நடந்ததை வைத்து மேல்படியில் என்ன வரும் என்று ஒரு மதிப்பீடு போட்டுச் சொல்கிறார்கள். அந்த மதிப்பீடுதான் 'மாநிலப் பிரதிநிதிச் சமானம்'. இங்கே எல்லோரும் எஸ்.டி.இ. என்பார்கள்.

இப்போது 2020 வரை இருந்த கணக்கு. ஒரு வட்டாரத்துக்கு 100 பேர் வந்திருக்கிறார்கள், அந்த வட்டாரத்துக்கு 6 பிரதிநிதி என்று வைத்துக்கொள். 6 என்பது முன்கூட்டியே நிர்ணயமானது. கடந்த தேர்தல்களில் அங்கே கட்சிக்கு விழுந்த வாக்கை வைத்து ஒதுக்குவார்கள். அன்று 100 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் 6 தான்.

எல்லோரும் அவரவர் வேட்பாளர் பக்கம் போய் நிற்க வேண்டும். 15 சதவீதம் இல்லாத குழு தேறாது. (4 பிரதிநிதிக்குக் குறைவான வட்டாரத்தில் இந்த வரம்பு இன்னும் கூடும். 2 பிரதிநிதி என்றால் 25 சதவீதம்.) இதுதான் முதல் சுற்று. தேறாத குழுவினர் வேறு குழுவுக்குப் போகலாம், தங்களுக்குள் கூடி ஒரு குழுவைத் தேற்றலாம், வெறுத்துப்போய் வீட்டுக்கும் போகலாம். பிறகு மறுபடி எண்ணினால் கடைசிச் சுற்று.

கடைசிச் சுற்றில் அ-வுக்கு 43, ஆ-வுக்கு 31, இ-க்கு 26 என்று வைத்துக்கொள். குழுவின் தலைகளைப் பிரதிநிதி எண்ணிக்கையால் பெருக்கி, வந்தவர் மொத்தத்தால் வகுக்க வேண்டும். அ 2.58, ஆ 1.86, இ 1.56. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் 3, 2, 2. கூட்டினால் 7. இருப்பதோ 6. யாராவது ஒருவர் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். மேலே ஏற்றப்பட்டவர்களில் யாருடைய பின்னம் குறைவோ அவர். இ-யின் .56 தான் குறைவு. ஆக முடிவு 3, 2, 1.

இப்போது அ குழுவிலிருந்து ஒரே ஒருவர் இ பக்கம் போயிருந்தால்? 42, 31, 27. பின்னங்கள் .52, .86, .62. இந்த முறை அ இழக்கும். முடிவு 2, 2, 2.

ஒரு ஆள் நகர்ந்ததற்கு 3-2-1 என்பது 2-2-2 ஆகிவிட்டது. வட்டாரத்துக்கு வட்டாரம் இப்படி நடந்து, எல்லாவற்றையும் கூட்டினால் தலைக்கணக்கும் பிரதிநிதிக் கணக்கும் வேறு வேறு பக்கம் போவதில் ஆச்சரியம் என்ன?

இதோடு ஊர் வித்தியாசமும் சேரும். கல்லூரி ஊர்களில் சாண்டர்ஸ் ஆதரவாளர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் அந்த வட்டாரத்தின் பிரதிநிதி எண்ணிக்கை கூடாது. பூட்டிஜெஜுக்குச் சிறு ஊர்களிலும் புறநகர்களிலும் பரவலான ஆதரவு. அவர் பக்கம் நின்ற ஒவ்வொரு தலைக்கும் சராசரியாகக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கிடைத்தது.


நிர்மலா_டாலஸ் எழுதியது:

அண்ணாச்சி, அருமை. ஒரு சந்தேகம். நடுவில் வீட்டுக்குப் போனவர்களை வகுக்கும் எண்ணிலிருந்து கழிப்பார்களா?


அயோவா அண்ணாச்சி எழுதியது:

இல்லை நிர்மலா. ஆரம்பத்தில் எத்தனை பேர் பதிவானார்களோ அதேதான் கடைசிவரை. பாதியில் கிளம்பியவர் யாருக்கும் உதவாமல், எல்லோருடைய பங்கையும் துளி குறைத்துவிட்டுப் போகிறார். அதனால்தான் குழுத் தலைவர்கள் வாசலை மறிக்காத குறையாக நிற்பார்கள்.

2020-ல் ஒரு புது விதியும் வந்தது. முதல் சுற்றிலேயே தேறிய குழுவில் இருப்பவர் அதற்குமேல் மாற முடியாது. முன்பெல்லாம் உபரி ஆட்களைப் பக்கத்துக் குழுவுக்குக் கடன் கொடுத்து எதிரியின் பிரதிநிதியை வெட்டும் வேலையெல்லாம் நடக்கும்.


சந்தேகராமன் எழுதியது:

சரி, கணக்கு புரிகிறது. ஆனால் பிரதிநிதிக் கணக்கில் வித்தியாசம் எவ்வளவு என்று அண்ணாச்சி சொல்லவில்லையே. நான் சொல்கிறேன். மாநிலம் முழுக்க ஏறத்தாழ 2,150 எஸ்.டி.இ. அதில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு இருவருக்கும் இடைவெளி ஒன்றுகூட இல்லை. ஒன்றுக்கும் குறைவு! சதவீதத்தில் 0.04. நியூயார்க் டைம்ஸ் அலசிப் பார்த்தபோது நூற்றுக்கும் மேற்பட்ட வட்டாரங்களில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது விதிப்படி வரவே முடியாத எண்களாக இருந்தன. இவ்வளவு ஓட்டையோடு 0.04-ஐ வைத்து ஒருவரை வென்றவர் என்பது எப்படி?


பழைய பேப்பர் எழுதியது:

அதனால்தான் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் அந்தத் தேர்தலில் வென்றவரை அறிவிக்கவே இல்லை. கட்சி நூறு சதவீத முடிவை வெளியிட்ட பிறகும் மறுத்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்து அந்த வாரத்தில் யாரும் செய்த மிக நிதானமான காரியம் அதுதான்.

ஆனால் பூட்டிஜெஜ் அன்று ராத்திரியே, ஒரு எண்கூட வெளிவராத நேரத்தில், வெற்றி பெற்ற தோரணையில் மேடையேறிப் பேசிவிட்டு அடுத்த போட்டி நடக்கும் நியூ ஹாம்ப்ஷயர் கிளம்பிவிட்டார். காகஸில் பிரதிநிதியைவிட அன்றைய தலைப்புச் செய்திதான் பெரிய பரிசு. பிரதிநிதி என்று பார்த்தால் அயோவாவில் மொத்தமே 41.


மென்பொருள் மாரி எழுதியது:

வட்டார முடிவுகளைக் கட்சிக்கு அனுப்பக் கொடுத்த அந்தச் செயலியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சாப்ட்வேர் சோதனைதான் என் பிழைப்பு, அதனால் இதை அப்போதே நகத்தைக் கடித்துக்கொண்டு படித்தேன்.

ஷேடோ என்ற நிறுவனம் செய்தது. கட்சி கொடுத்தது 60,000 டாலருக்குச் சற்று மேல். மாநிலம் முழுக்க ஒரே ராத்திரியில், ஒரே நேரத்தில், ஒரே ஒருமுறை ஓட வேண்டிய மென்பொருளுக்கு அது சொற்பம். செயலிக் கடைகளில் வெளியிடாமல், சோதனைப் பதிப்புகளை விநியோகிக்கும் வழியாகத்தான் தலைவர்களின் போனில் இறக்கினார்கள். பலருக்கு இறங்கவில்லை, பலருக்கு உள்ளே நுழைய முடியவில்லை. பலர் முயலவே இல்லை, நேராகப் போனை எடுத்துவிட்டார்கள்.

முக்கியமான கோளாறு வேறு. செயலியில் பதிவான தரவு சரியாகத்தான் இருந்தது என்றும், அதை வெளியே எடுத்து அனுப்பும் பகுதியில் நிரல்பிழை, பாதித் தரவுதான் வந்தது என்றும் கட்சியே மறுநாள் சொன்னது. பின்னால் வந்த தணிக்கை அறிக்கை கட்சியின் தேசியக் கமிட்டியையும் சாடியது. தங்களுக்கும் உடனுக்குடன் தரவு வேண்டும் என்று கடைசி நேரத்தில் தரவின் வடிவத்தை மாற்றும் ஒரு கருவியை உள்ளே புகுத்தினார்களாம். அதில் பிழை.

கடைசி நேரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம். அதைச் சொன்னால் எந்த மேலாளர் கேட்கிறார்?


அயோவா அண்ணாச்சி எழுதியது:

மாரி சொன்னதோடு போன் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயலி வேலை செய்யாததால் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்சியின் தொலைபேசி எண்ணுக்குப் பாய்ந்தார்கள். அந்த எண் இணையத்தில் கசிந்து, குறும்புக்காரர்களும் சேர்ந்து அடித்து அடைத்துவிட்டார்கள். ஸ்டோரி கவுண்டியில் ஒரு வட்டாரச் செயலாளர் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, சிஎன்என் நேரலையில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிர்முனை எடுத்தது. அவர் நெறியாளரிடம் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் எதிர்முனை வைத்துவிட்டது. உலகமே பார்த்தது.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அந்த ராத்திரி எந்த வட்டாரத்திலும் முடிவு தொலைந்துபோகவில்லை. கூட்டத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தங்கள் வட்டாரத்தின் எண்ணிக்கை தெரியும். உரக்கச் சொல்லித்தானே எண்ணினோம். தலைவர் கையில் கணக்குத் தாள் இருந்தது, அதில் கையெழுத்து இருந்தது. சிக்கிக்கொண்டது அங்கிருந்து டிமோய்னில் உள்ள கட்சி அலுவலகம் வரை போகும் பாதையில்.

2020-ல் முதன்முறையாக ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டும் கொடுத்தார்கள். ஒரு பக்கம் முதல் சுற்று விருப்பம், மறுபக்கம் கடைசிச் சுற்று, கையெழுத்து. மறு எண்ணிக்கை சாத்தியமானதே அந்தச் சீட்டுகளால்தான்.


வைகைக்கரையான் எழுதியது:

அண்ணாச்சி, செய்திகளில் 'மறுசரிபார்ப்பு', 'மறு எண்ணிக்கை' என்று இரண்டு வார்த்தை வருகிறதே, என்ன வித்தியாசம்?


அயோவா அண்ணாச்சி எழுதியது:

நம்மூர் பிளஸ் டூ மறுகூட்டல், மறுமதிப்பீடு மாதிரிதான். மறுசரிபார்ப்பில் கட்சி அறிவித்த எண்ணும் கணக்குத் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று மட்டும் பார்ப்பார்கள். மறு எண்ணிக்கையில் சீட்டுக் கட்டைப் பிரித்து முதலிலிருந்து எண்ணுவார்கள். இரண்டு தரப்பும் இரண்டையும் கேட்டன. அதுவும் எல்லா வட்டாரத்திலும் இல்லை, அவரவர் குறிப்பிட்ட வட்டாரங்களில் மட்டும்.


சந்தேகராமன் எழுதியது:

இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கணக்குத் தாளில் கூட்டல் தவறு இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தும், அது கையெழுத்துப் போட்ட ஆவணம், திருத்தக் கூடாது என்று கட்சியின் வழக்கறிஞர் தரப்பு சொன்னதே! 2-ம் 2-ம் 5 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் 5 தானா?


நிர்மலா_டாலஸ் எழுதியது:

ராமன் சார், கொஞ்சம் மாற்றி யோசித்துப் பாருங்கள். டிமோய்னில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கூட்டம் கலைந்த பிறகு, எந்தச் சாட்சியும் இல்லாமல் தாளைத் திருத்தலாம் என்று விட்டிருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? தாள் முடிந்த ஆவணம் என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தவறு என்று தெரிந்தால் திருத்துவதற்கு எல்லோர் முன்னாலும் ஒரு நடைமுறை வைத்திருக்க வேண்டும். அது முன்கூட்டியே இல்லாததுதான் குறை.


சந்தேகராமன் எழுதியது:

அது சரி. ஆனால் பிளாக் ஹாக் கவுண்டி என்ன கதை? சாண்டர்ஸுக்கு விழுந்த எண்களை டெவல் பேட்ரிக் பெயரிலும், எலிசபெத் வாரனுடையதை டாம் ஸ்டெயர் பெயரிலும் போட்டு வெளியிட்டார்களே. பேட்ரிக் அயோவாவில் ஒரு பொருட்டே இல்லை.


மென்பொருள் மாரி எழுதியது:

அதைப் பார்த்தால் அட்டவணையில் நெடுவரிசை ஒன்று தள்ளிப்போன மாதிரிதான் எனக்குப் படுகிறது. வேட்பாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும், ஒட்டும்போது ஒரு கட்டம் நகர்ந்துவிடும். எக்செல் தெரிந்த எவருக்கும் இந்த வலி தெரியும். சதி செய்கிறவன் இவ்வளவு அசடாகச் செய்ய மாட்டான்.

அதைவிட, அது எப்படி மாட்டியது பாருங்கள். அந்தக் கவுண்டியில் உள்ளூர் நிர்வாகி ஒருவர் தங்கள் முடிவை முன்பே முகநூலில் போட்டிருந்தார். மாநிலக் கட்சி வெளியிட்டதும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. வட்டாரம் வட்டாரமாக எண்களை வெளியிட்டால் ஊர்க்காரனே சரிபார்த்துவிடுவான். 2016-லும் இதே அளவு தவறு இருந்திருக்கலாம், யார் கண்டது? அப்போது தலைக்கணக்கையே வெளியிடவில்லையே.


வைகைக்கரையான் எழுதியது:

வெளியிடவில்லையா? அப்புறம் 2016-ல் எதை வைத்து ஹிலாரி கிளின்டன் வென்றார் என்றார்கள்?


பழைய பேப்பர் எழுதியது:

எஸ்.டி.இ. மட்டும். கிளின்டன் 49.84, சாண்டர்ஸ் 49.59. எத்தனை பேர் யார் பக்கம் நின்றார்கள் என்பது கட்சிக்கே முழுசாகத் தெரியாது, தெரிந்த அளவையும் சொல்லவில்லை. டிமோய்ன் ரெஜிஸ்டர் நாளிதழ் தலையங்கத்தில் தணிக்கை வேண்டும் என்று எழுதியது. சாண்டர்ஸ் தரப்பு விடாமல் கேட்டதால்தான் 2020-ல் முதல் சுற்று, கடைசிச் சுற்று, எஸ்.டி.இ. என்ற மூன்று எண்ணையும் வெளியிட வேண்டும் என்ற விதி வந்தது. ராமன் சார் சதி என்று காட்டும் முரண்பாடு நமக்குத் தெரியவந்ததே அவருடைய ஆள் கேட்டு வாங்கிய விதியால்தான்.

ஏன் அதுவரை வெளியிடவில்லை என்பதற்குப் பின்னால் நியூ ஹாம்ப்ஷயர் இருக்கிறது. நாட்டில் முதல் பிரைமரி (அரசு நடத்தும் கட்சி உட்தேர்தல்) தங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தில் சட்டமே உண்டு. அங்கே மாநிலச் செயலராக நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்த பில் கார்ட்னர் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. அயோவாவில் வாக்குச்சீட்டு, வாக்கு எண்ணிக்கை என்று வந்தால் அது பிரைமரி மாதிரி ஆகிவிடும், உடனே அவர் தன் தேதியை முன்னால் இழுப்பார். தலைக்கணக்கு இல்லாமல் பிரதிநிதிக் கணக்கு மட்டும் என்று இருந்தால் பிரச்சினை இல்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி ஒத்துப்போனார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1972. மாநில மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, இடையில் ஒவ்வொரு படிக்கும் தாள் அச்சடிக்க எவ்வளவு நாள் வேண்டும் என்று பார்த்ததில் காகஸ் ஜனவரி 24-ல் வந்து விழுந்தது. முதலிடம் வேண்டும் என்று திட்டமிட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆண்டு அதிகம் பெற்றது 'யாருக்கும் உறுதியில்லை' என்ற குழு. 1976-லும் அதே குழுதான் முதல், 37 சதவீதம். இரண்டாவதாக 28 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்த ஜிம்மி கார்ட்டரைப் பத்திரிகைகள் வென்றவர் என்று எழுதின, அவர் அதிபராகவே ஆகிவிட்டார். அறிவிப்பது எண்ணுவதைவிடப் பெரிய வேலை என்று அன்றே அயோவா காட்டிவிட்டது.


நிர்மலா_டாலஸ் எழுதியது:

2016 என்றதும் ஞாபகம் வருவது பூவா தலையாதான். சமநிலை வந்தால் நாணயத்தைச் சுண்டிப் பிரதிநிதி கொடுத்தார்களே. அந்த வீடியோக்களை எங்கள் ஆபீஸில் எல்லோரும் பார்த்துச் சிரித்தோம்.


அயோவா அண்ணாச்சி எழுதியது:

சிரிப்பதற்கு முன்னால், நம்மூர்ச் சட்டத்தையும் பாருங்கள் நிர்மலா. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 65. சமமான வாக்கு வந்தால் சீட்டுக் குலுக்கல்தான். வர்ஜீனியாவில் 2018 ஜனவரியில் ஒரு சட்டமன்றத் தொகுதியைக் கிண்ணத்திலிருந்து பெயர் எடுத்துத்தான் முடிவு செய்தார்கள்.

அயோவாவில் நாணயம் தீர்மானித்தது ஒரு கவுண்டிப் பிரதிநிதியை. ஒரு கவுண்டிக்கு 60 கவுண்டிப் பிரதிநிதி, 12 மாநிலப் பிரதிநிதி என்றால் ஒன்றின் மதிப்பு 0.2 எஸ்.டி.இ. பெரிய கவுண்டிகளில் இதைவிடச் சின்னது. 2016-ல் இருவருக்கும் இடைவெளி மூன்றரைக்குச் சற்று மேல். சுண்டிய நாணயமெல்லாம் ஒரே பக்கம் விழுந்தது என்று ஒரு கதை சுற்றியது, அது உண்மை இல்லை, இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறது.

இதற்கு நெவாடா இன்னும் ரசனையானது. அங்கே காகஸ் நடந்த காலத்தில் சீட்டுக்கட்டு. பெரிய சீட்டு எடுத்தவருக்குப் பிரதிநிதி. லாஸ் வேகஸ் உள்ள மாநிலத்தில் வேறு எப்படி இருக்கும்!


சந்தேகராமன் எழுதியது:

சரி, ஜனநாயகக் கட்சி இவ்வளவு சிக்கலாக வைத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறது. குடியரசுக் கட்சி எளிமை. சீட்டில் பெயர் எழுது, பெட்டியில் போடு, எண்ணு, முடிந்தது. அவர்களுக்கு ஏன் இந்தக் கதி வரவில்லை?


பழைய பேப்பர் எழுதியது:

வந்ததே! 2012, ஜனவரி 3. மிட் ராம்னி 30,015, ரிக் சான்டோரம் 30,007. எட்டு வாக்கில் ராம்னி வென்றார் என்று விடிவதற்குள் அறிவித்தார்கள். ஒரு வட்டாரத்துக்காரர் தான் குறித்துக்கொண்டு வந்தபடி ராம்னிக்கு 2 வாக்கு, கட்சித் தளத்தில் 22 என்று இருக்கிறது என்று உள்ளூர்த் தொலைக்காட்சியில் சொன்னார். இடைவெளியே எட்டு என்றால் இருபது என்பது எவ்வளவு பெரிசு!

ராத்திரி போனில் சொன்ன எண்கள் வேறு, வட்டாரத் தலைவரும் செயலாளரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டிய படிவம் வேறு. அந்தப் படிவம் வந்து சேர இரண்டு வாரம் அவகாசம். எல்லாம் வந்தபின் ஜனவரி 19-ல் பார்த்தால் சான்டோரம் 29,839, ராம்னி 29,805. சான்டோரம் 34 வாக்கில் முன்னால். 1,774 வட்டாரங்களில் 8-இன் படிவம் வரவே இல்லை. அந்த எட்டில் என்ன இருந்தது என்பது கடைசிவரை கணக்கில் ஏறவில்லை.

கட்சி முதலில் இரண்டுங்கெட்டான் முடிவு என்பது போலச் சொன்னது. அடுத்த நாள் ராத்திரி சான்டோரம்தான் வென்றார் என்றது. அதற்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்து ராம்னி அங்கே வென்றாகிவிட்டது, தென் கரோலினாவுக்கு ஒருநாள்தான் பாக்கி. ஜனவரி 4 காலையில் சான்டோரம் படத்தோடு வந்திருக்க வேண்டிய தலைப்புச் செய்தியை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? கட்சியின் மாநிலத் தலைவர் மேட் ஸ்ட்ரான் பதவி விலகினார். 2020-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் ட்ராய் பிரைஸும் அப்படித்தான் விலகினார்.


வைகைக்கரையான் எழுதியது:

அப்படியானால் சான்டோரத்துக்குத்தான் அதிகப் பிரதிநிதியா?


பழைய பேப்பர் எழுதியது:

அங்கேதான் வேடிக்கை. மூன்றாவது வந்த ரான் பாலுக்கு!

அப்போதெல்லாம் குடியரசுக் கட்சியில் அந்தச் சீட்டு வாக்கு வெறும் விருப்பக் கணக்கு. பிரதிநிதித் தேர்வு தனி. சீட்டுப் போட்டதும் பாதிப் பேர் கிளம்பிவிட, பால் ஆதரவாளர்கள் கடைசிவரை உட்கார்ந்து, அடுத்தடுத்த மாநாடுகளுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். முடிவில் 28 பிரதிநிதிகளில் 22 பேர் பால் ஆட்கள். அதைப் பார்த்து மிரண்ட தேசியக் கமிட்டி விதியை மாற்றியது. 2016 முதல் அன்றைய வாக்குக்குப் பிரதிநிதிகள் கட்டுப்பட வேண்டும்.

எட்டு வாக்கா, முப்பத்திநாலு வாக்கா என்று நாடே அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வாக்குக்கும் பிரதிநிதிக்கும் சம்பந்தமே இல்லை!


மென்பொருள் மாரி எழுதியது:

ஆக ராத்திரி சொல்வது தற்காலிகம், கையெழுத்துத் தாள்தான் முடிவு. இதை இரண்டு கட்சியும் சத்தமாகச் சொல்வதில்லை. சொன்னால் ஊடகம் டிமோய்னில் வந்து ஹோட்டல் அறை எடுக்காது.

நெவாடாவைப் பற்றியும் ஒரு வரி. அயோவா கூத்தைப் பார்த்து அதே ஷேடோ செயலியைத் தூக்கிப்போட்டுவிட்டு, மூன்றே வாரத்தில் ஐபேடில் கூகுள் படிவத்தை வைத்துச் சமாளித்தார்கள். முன்கூட்டி வந்து வாக்களித்த ஏறத்தாழ 75,000 பேரின் வரிசை விருப்பச் சீட்டுகளை அவரவர் வட்டாரத்துக் கூட்டத்தோடு சேர்த்து எண்ண வேண்டும். கேட்டாலே தலை சுற்றுகிறது. சாண்டர்ஸ் பெரிய வித்தியாசத்தில் வென்றதால் குளறுபடி பெரிசாகத் தெரியவில்லை. அடுத்த ஆண்டே மாநிலச் சட்டசபை பிரைமரிக்கு மாறச் சட்டம் போட்டுவிட்டது.


நிர்மலா_டாலஸ் எழுதியது:

நெருக்கமான போட்டி வந்தால்தான் எண்ணும் முறையின் லட்சணம் தெரியும் என்கிறீர்கள். 2024 குடியரசுக் கட்சிக் காகஸில் இந்தப் பிரச்சினையே வரவில்லையே. டிரம்ப் 51 சதவீதம், டிசான்டிஸ் 21, ஹேலி 19.


அயோவா அண்ணாச்சி எழுதியது:

அதில் வேறு பிரச்சினை வந்தது. கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு ஆரம்பம். ஏழு முப்பத்தொன்றுக்கு அசோசியேட்டட் பிரஸ் டிரம்ப் வென்றார் என்று அறிவித்துவிட்டது. பல இடங்களில் வேட்பாளர் சார்பாகப் பேச்சே முடியவில்லை, சீட்டு கொடுக்கவில்லை. வரிசையில் நிற்பவன் போனில் முடிவு வந்துவிட்டது. டிசான்டிஸ் தரப்பு கொதித்தது, தேர்தலில் தலையீடு என்றார்கள்.

காகஸுக்கு வரப்போவதாகச் சொன்ன வாக்காளர்களிடம் எடுத்த கணிப்பும், முதலில் வந்த சில வட்டாரங்களும் போதுமானதாக இருந்தன. கணிப்பு சரிதான், முப்பது புள்ளி இடைவெளியில் தப்பாகப் போக வாய்ப்பே இல்லை. ஆனால் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே சொல்லலாமா என்பது வேறு கேள்வி. வாக்குச்சாவடி மூடும்வரை சொல்வதில்லை என்பது வழக்கமான தேர்தல்களில் அவர்களே வைத்திருக்கும் விதி. காகஸில் மூடும் நேரம் என்று ஒன்று இல்லை. ஏழு மணிக்குக் கதவுக்குள் வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதை மூடிய நேரமாக எடுத்துக்கொண்டார்கள்.

அன்று டிரம்ப் தோற்ற ஒரே கவுண்டி ஜான்சன், அயோவா பல்கலைக்கழகம் இருக்கும் இடம். ஹேலி அங்கே வென்றது ஒரே வாக்கில். அரைமணி நேரத்தில் அறிவித்ததைப் பார்த்துச் சலித்துப்போய் ஒருத்தர் கிளம்பியிருந்தாலே அந்தக் கவுண்டி மாறியிருக்கும்.


சந்தேகராமன் எழுதியது:

அதே ராத்திரி ஜனநாயகக் கட்சி என்ன செய்தது?


அயோவா அண்ணாச்சி எழுதியது:

கட்சி அலுவல்களுக்கு மட்டும் கூட்டம். அதிபர் விருப்பத்தைத் தபால் சீட்டில் வாங்கி, முடிவை மார்ச் 5-ல் வெளியிட்டார்கள். குழு குழுவாக நிற்பது, மறுபடி சேர்வது, பின்னம், நாணயம் எதுவும் இல்லை. தென் கரோலினாவை முன்னால் கொண்டுபோக தேசியக் கமிட்டி முடிவெடுத்ததன் விளைவு அது. பைடனுக்குப் போட்டியே இல்லாததால் யாரும் கவனிக்கவும் இல்லை. வேலை நேரத்தில் இருப்பவர், கைக்குழந்தைக்காரர், நடக்க முடியாதவர் எல்லோரும் கலந்துகொள்ள முடிந்தது என்பது நிஜமான லாபம். 2020-ல் இதற்காக வெளியூர், வெளிநாட்டுக் கூட்டங்களெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில்கூட ஒன்று நடந்தது, வந்தது மூன்று பேர்.

ராமன் சார், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தபால் முறையில் எண்ணிக்கை கட்சி அலுவலகத்துக்குள்ளே நடக்கிறது. ஜிம்மில் நின்று எண்ணியபோது நூறு பேர் சாட்சி. உங்களுக்கு எது நம்பிக்கை?


சந்தேகராமன் எழுதியது:

ஜிம்தான். ஆனால் கணக்குத் தாளை அங்கேயே படம் எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி அன்றே போட்டுவிட வேண்டும். கட்சி அலுவலகம் கூட்டிக்கொள்ளட்டும், நாங்களும் கூட்டிக்கொள்கிறோம்.


மென்பொருள் மாரி எழுதியது:

+1. அதற்குச் செயலிகூட வேண்டாம்.